வண்டி சென்ற தடத்தைப் படத்தில் காணுதல்

செவ்வாப்பேட்டை வட்டாரத்துச் சங்கமொன்றைச் சென்ற மாதம் ஆய்வு செய்கையில், காய்கறி ஏற்றும் வண்டியின் ஓட்டுநருக்கு ஒரு வாரக் கூலி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கக் கண்டோம். காரணம் வினவினோம். வண்டி விடியற்காலையில் கோயம்பேட்டுக்குப் புறப்பட வேண்டியது. அதில் பொருத்திய கருவியின் பதிவோ முன்னிரவு 10-40க்கே புறப்பட்டதாகக் கூறுகிறது. ஆகவே இரவில் அயலார் சரக்கை ஏற்றியிருக்கிறார் என்பது நிர்வாகக் குழுவினரின் முடிவு. சான்றாக, எண்கள் நிறைந்த நான்கு தாள்களை நம்முன் வைத்தனர். இயந்திரம் பொய் சொல்லுமா என்று கேட்டார் ஓர் அங்கத்தினர்.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் இடைவிடாமல் நேரக் குறிப்பை அனுப்பிய வண்ணம் உள்ளன. நான்கு கோள்களின் குறிப்பேனும் கிட்டினால் கருவி தான் இருக்குமிடத்தைக் கணித்துவிடும். அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் ஆகியவற்றைச் சில விநாடிகளுக்கு ஒரு முறை அது குறித்துக்கொள்கிறது. அக்குறிப்புகள் பெரும்பாலும் ஜி.பி.எக்ஸ். என்னும் கோப்பாகக் கிடைக்கின்றன. இக்கோப்பில் எழுதப்படும் நேரம் நம் நாட்டு நேரமன்று. உலகப் பொது நேரமாகும். நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னே நிற்பது. முன்னிரவு 10-40 என்று தாளில் கண்டது, இங்கே மறுநாள் விடியற்காலை 4-10!

தாளை விடுத்துக் கோப்பையே கைப்பேசியில் ஏற்றினோம். ஆஸ்மாண்ட் போன்ற நிலப்படச் செயலியில் அதைத் திறந்து, தடங்களின் பட்டியலில் தேர்ந்து, படத்தின்மேல் காட்டும்படி செய்தால் போதும். தமிழ்நாட்டுப் படத்தை முன்னரே இறக்கி வைத்திருப்பின் இணைய இணைப்பும் வேண்டியதில்லை. கோடு சங்கக் கிடங்கில் தொடங்கி, திருநின்றவூர், ஆவடி, அம்பத்தூர் வழியாகக் கோயம்பேடு சேர்ந்தது. கோட்டின் தொடக்கத்தைத் தொட்டதும் 4-10 என்று நம் நேரமே தோன்றியது. குழுவினர் சற்று நேரம் வாய் திறக்கவில்லை.

தூரத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. சந்தையில் வண்டி நின்றிருந்த நேரத்தில் கோடு சிறுபிள்ளை கிறுக்கியதுபோல் சுழன்றிருந்தது. நிற்கும் வண்டியையும் கருவி சில மீட்டர் அப்பாலும் இப்பாலும் கணிப்பதுண்டு; அவையெல்லாம் தூரத்தில் கூடிவிடும். மாறாக, கூரையின் கீழோ பாலத்தடியிலோ குறிப்பு அறுந்துபோனால், செயலி இரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்து, வளைந்து சென்ற வழியைக் குறைத்துக் காட்டலாம். ஆதலால் வாடகையைத் தடத்தின் கிலோமீட்டரை மட்டும் கொண்டு தீர்த்தல் கூடாது. வண்டியின் ஓட்டமானியோடு ஒப்பிடுக. பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் நூல் கொண்டுபோய்த் துணி ஏற்றிவரும் நெசவாளர் சங்கங்களுக்கும் இது பொருந்தும்.

தடத்தை ஓட்டுநருக்கும் காட்டி விளக்கம் கேட்ட பின்னரே எக்குறையும் பதிவாக வேண்டும் என்று ஆய்வேட்டில் எழுதினோம். நிறுத்திய கூலி அன்று மாலையே வழங்கப்பட்டது.