குறுந்தகடும் கோப்பு வகைகளும் – உழவர் அறிய வேண்டியவை

விதை வாங்கும்போது பையில் கட்டியுள்ள சீட்டைப் படிக்காமல் நீங்கள் வாங்குவதில்லை. ரகம் என்ன, முளைப்புத் திறன் எவ்வளவு, எந்த நாள் வரை விதைக்கலாம் என்று பார்த்த பின்னரே பணம் கொடுக்கிறீர்கள். ஆனால் வீட்டுப் பரணில் இருக்கும் குறுந்தகடுகளின் உறையில் எழுதியிருப்பதை நம்மில் பலர் படிப்பதில்லை. மகளின் திருமணப் படம், மறைந்த தந்தையாரின் குரல், பயிற்சி வகுப்பில் கொடுத்த பாடத் தகடு என அவற்றில் எத்தனையோ இருக்கும். ஒரு நாள் எடுத்துப் போட்டால் படம் வராது. தகடு கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்து விடுகிறோம். பல நேரங்களில் கெட்டது தகடு அன்று. அந்த வகைத் தகட்டை நம் பிளேயர் அறியாததே காரணம். ஆகவே உறையிலும் பிளேயரின் முகப்பிலும் காணப்படும் சொற்களின் பொருளை இக்கட்டுரையில் காண்போம்.

தகட்டின் வகைகள்

சி.டி., டி.வி.டி., புளூ-ரே ஆகிய மூன்றும் 12 செ.மீ. விட்டம் உடையவை. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். சி.டி. 1982-இலும், டி.வி.டி. 1996-இலும், புளூ-ரே 2006-இலும் விற்பனைக்கு வந்தன. சி.டி.யில் சுமார் 700 மெகாபைட்டும், ஓர் அடுக்கு டி.வி.டி.யில் 4.7 ஜிகாபைட்டும், ஓர் அடுக்கு புளூ-ரேயில் 25 ஜிகாபைட்டும் கொள்ளும். நாற்றை நெருக்கி நட்டால் அதே வயலில் அதிகக் குத்துகள் கொள்வதைப் போல, பின் வந்த தகடுகளில் பதிவுக் குழிகள் சிறியவை, இடைவெளியும் குறைவு. அவற்றைப் படிக்க அதற்கேற்ற லேசர் ஒளி வேண்டும். ஆதலால் சி.டி. பிளேயரில் டி.வி.டி. ஓடாது, டி.வி.டி. பிளேயரில் புளூ-ரே ஓடாது.

ஒலித் தகடும் எம்.பி.3 தகடும்

ஒலித் தகட்டில் ஒலியானது நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதிவாகிறது. எதுவும் குறைக்கப்படுவதில்லை. அதனால் ஒரு தகட்டில் 74 முதல் 80 நிமிடம் மட்டுமே கொள்ளும். எம்.பி.3 முறையில், காது அவ்வளவாக உணராத ஒலிகள் நீக்கப்படுகின்றன. உறையில் 128, 192, 320 என்று காணும் எண் நொடிக்கு எத்தனை கிலோபிட் என்பதைக் குறிக்கும். 128 என்றால் ஒரு நிமிட ஒலிக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் போதும். எனவே ஒரே சி.டி.யில் சுமார் 12 மணி நேரம் பாட்டுக் கேட்கலாம். எண் கூடினால் தரம் கூடும், இடமும் கூடுதலாகும். ஆனால் 128-இல் பதிந்ததைப் பின்னர் 320-ஆக மாற்றுவதால் பயனில்லை. தீட்டிய அரிசியிலிருந்து போன தவிட்டைத் திரும்பப் பெற முடியுமா?

படத் தகடுகள்

வி.சி.டி. என்பது சி.டி.யிலேயே படத்தைப் பதியும் முறை. இது 1993-இல் வந்தது. படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள். ஒரு தகட்டில் ஒன்றேகால் மணி நேரம் அளவே கொள்ளும் என்பதால்தான் ஒரு திரைப்படம் இரண்டு அல்லது மூன்று தகடுகளில் வந்தது. டி.வி.டி.யில் 720-க்கு 576 புள்ளிகள், அதாவது நான்கு மடங்கு. முகமும் எழுத்தும் தெளிவாக இருப்பதன் காரணம் இதுவே.

பால் என்பது நம் நாட்டில் வழங்கி வந்த தொலைக்காட்சி முறை. நொடிக்கு 25 படம். என்.டி.எஸ்.சி. என்பது அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளில் வழங்கி வந்த முறை; நொடிக்கு சுமார் 30 படம். இது மாறியிருந்தால் பழைய தொலைக்காட்சியில் படம் நிறமின்றி வரும் அல்லது உருளும். கடையில் விற்கும் டி.வி.டி.யின் உறையில் உலக உருண்டைக்குள் ஓர் எண் இருக்கும். அது மண்டல எண். இந்தியாவும் இலங்கையும் 5-ஆம் மண்டலம், மலேசியாவும் சிங்கப்பூரும் 3, அமெரிக்கா 1. வெளிநாட்டு உறவினர் அன்போடு வாங்கி வந்த தகடு நம் வீட்டில் ஓடாததற்கு இதுவே காரணமாகலாம். வீட்டு நிகழ்ச்சிகளைப் பதிந்த தகடுகளுக்கு இத்தடை இல்லை.

சாக்கும் நெல்லும்

கோப்பின் பெயர் ஏ.வி.ஐ., எம்.பி.4, எம்.கே.வி. என்று முடியும். இது சாக்கின் பெயர் மட்டுமே. சாக்கினுள் இருக்கும் நெல் எந்த ரகம் என்பது வேறு. படத்தைச் சுருக்கிய முறையே அந்த ரகம். டிவெக்ஸ், எக்ஸ்விட் ஆகியவை பழையவை. எச்.264 என்பது 2003-இலும், அதனினும் நன்கு சுருக்கும் எச்.265 என்பது 2013-இலும் வந்த முறைகள். கைப்பேசியில் எடுக்கும் படம் பெரும்பாலும் பின் கூறிய இரண்டில் ஒன்றாகவே இருக்கும். பழைய டி.வி.டி. பிளேயர்கள் பல டிவெக்ஸை மட்டுமே அறியும். கோப்பின் பெயரை எம்.பி.4 என்பதிலிருந்து ஏ.வி.ஐ. என்று மாற்றி எழுதினால் ஓடிவிடும் எனச் சிலர் எண்ணுகின்றனர். சாக்கின் சீட்டை மாற்றினால் குண்டு நெல் சன்ன நெல்லாகி விடாது. கணினியில் அதற்குரிய மென்பொருள் கொண்டு முறையையே மாற்றுதல் வேண்டும்.

குறையும் காரணமும்

1. படம் வந்து ஒலி வராவிட்டால், அந்த ஒலி முறையைப் பிளேயர் அறியவில்லை. தகட்டில் டால்பி, டி.டி.எஸ். என இரண்டு ஒலி இருப்பின், பிளேயரின் ஒலிப் பொத்தானை அழுத்தி மாற்றிப் பார்க்கவும்.
2. ஒலி வந்து படம் வராவிட்டால், படம் சுருக்கிய முறையைப் பிளேயர் அறியவில்லை.
3. முகங்கள் ஒல்லியாக நீண்டோ, பருத்துக் குட்டையாகவோ தெரிந்தால், திரை அளவில் 4:3 அல்லது 16:9 என்பதை மாற்றவும்.
4. எழுதிய கணினியில் மட்டும் ஓடி, பிளேயரில் ஓடாவிட்டால், பதிவை முடித்து வைக்கும் கடைசிப் படி விடுபட்டிருக்கலாம். எழுதிய கணினியிலேயே அதை முடிக்கலாம்.
5. படம் திக்கித் திக்கி ஓடினால், மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்கவும். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

தாமதம் வேண்டாம்

ஸ்டூடியோவிலும் வீட்டிலும் எழுதும் தகடுகளில் பதிவைத் தாங்குவது பெரும்பாலும் ஒரு மெல்லிய சாயப் பூச்சே. வெயிலும் வெப்பமும் அச்சாயத்தை மங்கச் செய்யும். ஓட்டு வீட்டுப் பரண் கோடையில் எவ்வளவு கொதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சி.டி.யில் பதிவு இருப்பது எழுத்துப் பக்கத்தின் அடியிலேயே ஆகும். அப்பக்கத்தில் கீறல் விழுந்தால் பதிவே போய்விடும். அதன் மேல் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதுவதும், காகிதம் ஒட்டுவதும் கூடாது. நிழலான, உலர்ந்த இடத்தில் உறையிலிட்டு நிறுத்தி வைக்கவும்.

இன்னும் ஓடும் தகடுகளைக் கணினியில் பிரதி எடுத்து விடுவது நலம். இதில் ஓர் எச்சரிக்கை. ஒலித் தகட்டைக் கணினியில் இட்டால் சி.டி.ஏ. என்று முடியும் சிறு கோப்புகள் தெரியும். அவற்றை மட்டும் பிரதி எடுத்தால் ஒலி வராது. அவை ஒலி இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்புகளே. சர்வே எண்ணைத் தாளில் குறித்து வந்தால் நிலம் கைக்கு வந்து விடாது அல்லவா? தகட்டை ஓட்டும் மென்பொருள் வழியாக, எம்.பி.3 அல்லது வேவ் கோப்பாக மாற்றியே எடுத்தல் வேண்டும். வி.சி.டி.யில் டாட் என்று முடியும் பெரிய கோப்பில் படம் இருக்கும். டி.வி.டி.யில் வீடியோ டி.எஸ். என்ற உறையை முழுமையாக எடுக்கவும். எடுத்த பிரதியை ஒரு முறை ஓட்டிப் பார்த்த பின்னரே பழைய தகட்டைப் பரணுக்கு அனுப்புங்கள்.

பிரதியைப் பென் டிரைவில் இட்டுப் பழைய பிளேயரில் பார்ப்பதானால், அதை ஃபேட் 32 முறையில் தயார் செய்யவும். அம்முறையில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க இயலாது. மேலும் ஒரே இடத்தில் மட்டும் வைத்து நம்பியிருக்க வேண்டாம். விதை நெல்லை இரண்டு குதிர்களில் பிரித்து வைப்பது போல, இரண்டு இடங்களில் வையுங்கள்.

பயிற்சித் தகட்டில் உள்ள பாடத்தை வேறு ஒருவரிடம் கேட்டுப் பெறலாம். தந்தையாரின் குரலைப் பெறுவதற்கு வேறு இடமில்லை. ஆகவே உழவர் பெருமக்கள் இந்தக் கோடைக்கு முன்பாகவே தங்கள் தகடுகளை எடுத்துப் பார்த்து, மேலே கூறிய முறைகளைக் கையாண்டு பயனடைய வேண்டுகிறோம்.