அணுமின் நிலையத்திலிருந்து கடலுக்குப் போகும் தண்ணீர்: யார் அளக்கிறார்கள், நீங்கள் எப்படிக் கேட்டு வாங்குவது?

உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இப்படி ஒரு வீடியோ வந்திருக்கலாம். கடலோரத்தில் ஒரு பெரிய வாய்க்கால். அதிலிருந்து வெள்ளை வெள்ளையாக நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் கடலில் விழுகிறது. கீழே ஒரு வரி: "அணு உலைக் கழிவு கடலில் கலக்கிறது, மீன் சாப்பிடாதீங்க, பகிருங்கள்." எந்த ஊர், எந்தத் தேதி, யார் எடுத்தது, எதுவும் இருக்காது. ஆனால் மறுநாள் காலையில் மீன் விற்கும் பெண்ணிடம் "இது எந்தக் கடல் மீன்மா?" என்று கேட்பவர்கள் நான்கு பேராவது இருப்பார்கள்.

அந்த வீடியோவைப் பொய் என்று தள்ளிவிடுவதும் சுலபம், உண்மை என்று நம்பிவிடுவதும் சுலபம். அளந்த எண்ணைக் கேட்பதுதான் கொஞ்சம் மெனக்கெடும் வேலை. அந்த எண்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமையும் இருக்கிறது. எங்கே, எப்படி என்பதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

தமிழ்நாட்டில் அணுமின் நிலையம் இரண்டு இடங்களில் ஓடுகிறது. செங்கல்பட்டு மாவட்டம் கல்பாக்கத்தில் 1984, 1986-ம் ஆண்டுகளில் தொடங்கிய சென்னை அணுமின் நிலையம் ஒன்று. திருநெல்வேலி மாவட்டம் கூடங்குளம் மற்றொன்று. அங்கே 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகள் மின்சாரம் தருகின்றன, மேலும் நான்கு அலகுகளுக்குத் திட்டமிடப்பட்டுக் கட்டுமானம் நடக்கிறது. இரண்டுமே கடலை ஒட்டி இருப்பது தற்செயல் இல்லை. தண்ணீருக்காகத்தான்.

இரண்டு வகைத் தண்ணீர், குழப்பிக்கொள்ளாதீர்கள்

கூடங்குளத்தின் ஓர் அலகு சுமார் 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி 2,000 மெகாவாட் வெப்பம் கடல்நீரோடு வெளியே போக வேண்டும். தோராயமாக ஒரு கணக்குப் போட்டால், தண்ணீரின் சூடு 7 டிகிரிக்கு மேல் ஏறாமல் இவ்வளவு வெப்பத்தைக் கொண்டுபோக வினாடிக்கு 70 ஆயிரம் லிட்டர் கடல்நீர் தேவை. நம் தெருவுக்கு வரும் 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வினாடிக்கும் ஆறு லாரி!

இதுதான் குளிர்நீர். வீடியோவில் நுரையோடு விழுவது பெரும்பாலும் இதுதான். கடல்நீரில் இயல்பாக இருக்கும் உயிர்ப்பொருட்கள் வேகத்தில் காற்றோடு கலந்து அடிபடும்போது நுரைக்கும். அலை அடிக்கும் கரையிலும் அதே நுரையைப் பார்த்திருப்பீர்கள். குளிர்நீர் உலைக்குள் போவதில்லை. டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியை, குழாய்ச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஆற வைத்துவிட்டுத் திரும்பிவிடும்.

இன்னொரு தண்ணீர் அளவில் மிகக் குறைவு. நிலையத்துக்குள் கழுவுதல், கசிவு, சலவை, ஆய்வகம் போன்ற இடங்களில் சேரும், கதிரியக்கம் கலந்திருக்கக்கூடிய கழிவுநீர் அது. அப்படியே திறந்துவிடுவதில்லை. தொட்டியில் பிடித்து, வடிகட்டி, தேவைப்பட்டால் அயனிப் பரிமாற்ற முறையிலோ காய்ச்சி ஆவியாக்கியோ சுத்திகரித்து, மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே தொட்டி தொட்டியாக வெளியே விடுவார்கள். விடும்போது குளிர்நீரோடு கலந்துதான் கடலுக்குப் போகும்.

கலந்து போகிறது என்றதும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரணும். "அப்படின்னா எவ்வளவு கழிவானாலும் நிறைய தண்ணீர் ஊத்தி வரம்புக்குள்ள காட்டிடலாமே?" நியாயமான கேள்வி. ஒரு கைப்பிடி உப்பைக் குடத்தில் கரைத்தால் கரிக்கும், ஊருணியில் கரைத்தால் நாக்குக்குத் தெரியாது. ஆனால் போட்ட உப்பு அதே கைப்பிடிதான். அதனால்தான் வரம்பு லிட்டருக்கு இவ்வளவு என்பதோடு நிற்பதில்லை. ஒரு நாளுக்கு மொத்தம் எவ்வளவு, ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்றும் உச்சவரம்பு இருக்கிறது. அறிக்கையைக் கையில் எடுக்கும்போது முதலில் தேட வேண்டியது இந்த மொத்தக் கணக்கைத்தான்.

யாரிடம் எதைக் கேட்பது

மனு போடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கதிரியக்கம் பற்றி மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்பார்கள். "எங்கள் வரம்பில் இல்லை" என்று பதில் வரும். வெந்நீர் பற்றி மும்பைக்கு எழுதுவார்கள். அதுவும் சுற்றித்தான் வரும்.

கதிரியக்க அளவுக்கு வரம்பு வைப்பதும் கண்காணிப்பதும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983 நவம்பர் 15-ல் தொடங்கப்பட்டது, தலைமையகம் மும்பை. நிலையத்தை நடத்துவது இந்திய அணுமின் கழகம். சுற்றுவட்டாரத்தில் மாதிரி எடுத்துச் சோதிப்பது சுற்றுச்சூழல் ஆய்வகம். ஒவ்வொரு அணுமின் நிலையத்துக்கும் ஒன்று உண்டு. அது மின் நிலைய நிர்வாகத்தின் கீழ் வராது, பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது. ஆனால் கழகம், ஆராய்ச்சி மையம் இரண்டுமே ஒரே அணுசக்தித் துறையின் குடைக்குள் இருப்பவை என்பதையும் நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதுமான சட்டபூர்வத் தன்னாட்சி இல்லை என்று 2012-ல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே சுட்டிக்காட்டியது. மக்கள் எண்களைக் கேட்டுக்கொண்டே இருப்பது எதற்காக என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

தண்ணீரின் சூடு, குளோரின், அமில-காரத் தன்மை, குடியிருப்பின் சாக்கடைக் கழிவுநீர் ஆகியவை தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. 1974-ம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டப்படி வாரியத்தின் இசைவாணை இல்லாமல் எந்த ஆலையும் கழிவுநீரை வெளியேற்ற முடியாது. அந்த இசைவாணையில் எதை, எவ்வளவு, எங்கே விடலாம் என்பது நிபந்தனையாக எழுதப்பட்டிருக்கும்.

7 டிகிரி என்றால் என்ன

கடல்நீரைப் பயன்படுத்தும் புதிய மின் நிலையங்கள், கடலின் இயல்பான சூட்டைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடாதபடி தண்ணீரை விட வேண்டும் என்பது 1998-ல் வந்த மத்திய அரசு விதி. பழைய நிலையங்களுக்கு, தண்ணீர் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் உள்ள சூட்டின் வித்தியாசம் 10 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கூடங்குளம் வழக்குகளில் இந்த வெந்நீரும் ஒரு வாதப்பொருளாக இருந்தது. 2013 மே 6-ல் உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்க அனுமதித்தபோது 15 வழிகாட்டுதல்களைச் சேர்த்தது. காற்று, நீர், நிலம் எதன் வழியாகப் போகும் கதிரியக்கமும் வரம்பைத் தாண்டாமல் கழகம் உறுதி செய்ய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

கவனியுங்கள், 7 டிகிரி என்பது வித்தியாசம். கடல் 29 டிகிரி இருக்கும் நாளில் 36 வரை விதிக்குள். கடல் 26 இருந்தால் அதே 36 விதிமீறல். வாய்க்காலில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் படம் பிடித்துப் போடும் வீடியோ எந்தப் பக்கத்துக்கும் சாட்சி ஆகாது. அதே நேரத்தில் தொலைவில் உள்ள கடலின் சூடும் வேண்டும்.

குளோரின் எதற்கு என்று கேட்கலாம். குழாய்களுக்குள் சிப்பியும் கொட்டலசும் ஒட்டி வளர்ந்தால் தண்ணீர் ஓட்டம் அடைபடும். கல்பாக்கத்தில் இது பல வருடத் தலைவலி. 'சொறி' என்று மீனவர்கள் சொல்லும் ஜெல்லி மீன்கள் கூட்டமாக வந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. அதற்காகக் குளோரின் போடுகிறார்கள். ஒட்டுவதைக் கொல்லும் மருந்து, நீந்தி வரும் மீன்குஞ்சையும் விட்டுவைக்காது. அதனால் வெளியேறும் நீரில் எஞ்சும் குளோரினுக்கும் வரம்பு உண்டு. அனல் மின் நிலையக் குளிர்நீருக்கு அது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். கதிரியக்கம் பற்றிய பேச்சில் இந்த இரண்டும், அதாவது சூடும் குளோரினும், மறந்தே போய்விடுகின்றன. இடிந்தகரை, கூத்தங்குழி, கொக்கிலமேடு போன்ற ஊர்களில் கரையோரம் வலை போடுபவர்களுக்கு முதலில் கேட்க வேண்டிய கணக்கு இதுதான் என்பது என் எண்ணம்.

டிரிட்டியம்: உங்கள் போனுக்குத் தெரியாதது

கதிரியக்கத்தை அளக்கும் ஆப் என்று பிளே ஸ்டோரில் சில உண்டு. கேமராவைக் கறுப்பு டேப்பால் மூடி அளக்கச் சொல்வார்கள். கதிர்வீச்சு மிக அதிகமான இடத்தில் கேமராவின் சென்சாரில் புள்ளிகள் விழும் என்பது உண்மைதான். கடற்கரையில் அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

காரணம் டிரிட்டியம். அது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம், தண்ணீராகவே மாறி தண்ணீரோடு கலந்திருக்கும். எனவே வடிகட்டினால் போகாது. கல்பாக்கம் போலக் கனநீரில் ஓடும் உலைகளில் இது கூடுதலாக உண்டாகும். அதன் கதிர் மிகப் பலவீனமானது, உங்கள் தோலைக்கூடத் தாண்டாது, ஆகவே கேமராவையும் தாண்டாது, சாதாரண கைகர் கருவியிலும் சிக்காது. மாதிரித் தண்ணீரை ஒளிரும் திரவத்தோடு கலந்து, ஆய்வகத்தில் தனிக்கருவியில் வைத்து எண்ண வேண்டும். உடம்புக்குள் போனால்தான் அது கணக்குக்கு வரும். குடிநீரில் லிட்டருக்கு 10,000 பெக்கரல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அந்த அளவுள்ள நீரை ஒருவர் தினமும் 2 லிட்டர் வீதம் வருடம் முழுக்கக் குடித்தால் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 0.13 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கான வருட வரம்பு 1 மில்லிசீவர்ட். மண், கல், விண்வெளி என்று இயற்கையிலிருந்து நமக்கு வருடத்துக்கு வருவது சராசரியாக 2.4.

டிரிட்டியம் மட்டும் பார்த்தால் போதாது. சீசியம்-137 மீனின் சதையில் சேரும். அது பாதியாகக் குறையவே 30 வருடம் ஆகும். ஸ்ட்ரான்சியம்-90 எலும்பில் சேரும், நெத்திலி மாதிரி முள்ளோடு சாப்பிடும் மீனில் இதைப் பார்க்காமல் விட முடியாது. அதனால்தான் சுற்றுச்சூழல் ஆய்வகம் கடல்நீரோடு நிற்காமல் வண்டல், மீன், பாசி, குடிநீர், பால், அரிசி, காய்கறி எல்லாவற்றிலும் 30 கிலோமீட்டர் சுற்றளவு வரை மாதிரி எடுக்கிறது.

எதோடு ஒப்பிடுவது என்பதும் முக்கியம். கடல்நீரில் பொட்டாசியம்-40 என்ற இயற்கைக் கதிரியக்கம் லிட்டருக்குச் சுமார் 12 பெக்கரல் எப்போதுமே உண்டு. மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் கிடக்கிறது. ஆலை வந்த பிறகு அளந்து "கதிரியக்கம் இருக்கிறது" என்று சொன்னால் அதற்கு அர்த்தமில்லை. ஆலை ஓடுவதற்கு முன்பே அளந்து வைத்த அடிப்படை எண்ணோடு வைத்துப் பார்க்கணும். அந்த அளவீடு முன்கூட்டியே செய்யப்படுவது இதற்காகத்தான். அறிக்கை கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேட்டு வாங்கும் வழி

ஒழுங்குமுறை வாரியத்தின் ஆண்டறிக்கைகள் அதன் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் ஒவ்வொரு நிலையத்தின் வெளியேற்றமும் வரம்பில் எத்தனை சதவீதம், அதனால் பொதுமக்களுக்கு வந்த கதிர்வீச்சு எவ்வளவு என்று படமாகவே போட்டிருப்பார்கள். நம் இரண்டு நிலையங்களுக்கும் அது வரம்புக்கு மிகக் கீழேதான் காட்டப்பட்டு வருகிறது. தமிழில் வந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்; இப்போதைக்குப் போனில் மொழிபெயர்ப்பு வசதியோடு படிக்கலாம்.

2006-ம் ஆண்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டங்கள், நிபந்தனைகளைப் பின்பற்றியதற்கான அறிக்கையை ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தர வேண்டும். அவை பொது ஆவணங்கள், விண்ணப்பித்தால் யாருக்கும் நகல் தர வேண்டும் என்று அந்த அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது. இதற்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் சென்னை மண்டல அலுவலகத்தை அணுகலாம். இசைவாணை பெற்ற ஆலைகள் செப்டம்பர் 30-க்குள் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தரும் ஆண்டு சுற்றுச்சூழல் அறிக்கை இன்னொன்று.

இவற்றில் இல்லாததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். மத்திய நிறுவனங்களுக்கு மத்திய அரசின் ஆர்.டி.ஐ. தளத்திலும், மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மாநிலத் தளத்திலும் போனிலேயே விண்ணப்பிக்கலாம். "கூடங்குளம் கடல் பாதுகாப்பாக இருக்கிறதா?" என்று கேட்டால் பதில் வராது, கருத்துச் சொல்ல அலுவலர் கடமைப்பட்டவர் இல்லை, கையில் உள்ள ஆவணத்தைத்தான் தர வேண்டும். இப்படிக் கேளுங்கள்: "அலகு 1, 2-க்கு நடப்பில் உள்ள நீர் இசைவாணையின் நகல். கடந்த 12 மாதங்களில் கடல்நீர் உள்வாங்கும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் பதிவான வெப்பநிலை விவரம். வாரியம் எடுத்த மாதிரிகளின் தேதியும் சோதனை முடிவும்." மூன்றுமே ஆவணம், மூன்றுக்கும் தேதி உண்டு.

செத்த மீன் ஒதுங்குவது, தண்ணீரின் நிறம் மாறுவது போல எதையாவது கண்ணால் பார்த்தால் ஆர்.டி.ஐ.க்குக் காத்திருக்க வேண்டாம். இடம், தேதி, நேரம் தெரியும்படி போட்டோ எடுத்து, வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் பதிவு செய்து, மனு எண்ணைக் குறித்து வையுங்கள். போனில் லொக்கேஷன் ஆன் செய்துவிட்டு எடுத்தால் அந்த விவரம் படத்திலேயே பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது அழிந்துபோகும் என்பதால், டாக்குமென்டாக அனுப்பணும்.

ஆர்.டி.ஐ. பதிலுக்கு 30 நாள் அவகாசம். வராவிட்டாலோ, வந்தது போதாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். அணுமின் கழகம், ஒழுங்குமுறை வாரியம் என்றால் மத்தியத் தகவல் ஆணையம். மாசு கட்டுப்பாட்டு வாரியம் என்றால் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம்.