தோள் வலிக்கு ஓய்வா, பயிற்சியா?

கேள்வி: எனக்கு வயது 47. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய பிரஸ் ஷாப்பில் வேலை. தலைக்கு மேலே இருக்கும் ராக்கில் டை, தகடு எல்லாவற்றையும் ஏற்றி இறக்க வேண்டும். ஐந்து மாதமாக வலது தோளில் வலி. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதி உயரத்தில் சுரீர் என்கிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஸ்கேனில் 'ரொட்டேட்டர் கஃப்' தசைநாரில் பகுதிக் கிழிசல் என்று வந்திருக்கிறது. கையை அசைக்காமல் வை என்கிறார் மனைவி. டம்பெல் தூக்கினால் சரியாகிவிடும் என்கிறான் ஜிம்முக்குப் போகும் மகன். யார் சொல்வதைக் கேட்பது? ஆபரேஷன் தேவைப்படுமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: இருவரும் அக்கறையில் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் தோளுக்கு வேண்டியது முழு ஓய்வும் இல்லை, கனமான டம்பெல்லும் இல்லை. குறைந்த எடையில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டும் பயிற்சிதான் வேண்டும்.

தோள் மூட்டின் கிண்ணம் மிகவும் ஆழமற்றது. கரண்டியில் வைத்த எலுமிச்சம்பழம் போலத்தான் கை எலும்பின் உருண்டை அதில் நிற்கிறது. அது நழுவாமல் பிடித்துக்கொள்பவை சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரிஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ் என்ற நான்கு தசைகள். நான்கும் சேர்ந்ததே ரொட்டேட்டர் கஃப். அதிகம் அடிபடுவது மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநார். ஆண்டுக்கணக்கில் தலைக்கு மேலே பாரம் தூக்குபவர்களுக்கு அது தேய்ந்து நைந்துபோகிறது. கையை அசைக்காமலே வைத்திருந்தால் இந்தத் தசைகள் இன்னும் மெலியும், மூட்டும் இறுகும். எடுத்த எடுப்பில் டம்பெல் தூக்கினால் மேலே உள்ள பெரிய தசைதான் வேலை செய்யும். பிடித்து நிறுத்த வேண்டிய சிறிய தசைகளுக்குப் பலன் போகாது.

கிழிசல் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அடிபடாமல் தேய்மானத்தால் தசைநார் முழுமையாகக் கிழிந்த 452 பேருக்குப் பயிற்சி சிகிச்சை தரப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. உங்களுக்கு இருப்பது பகுதிக் கிழிசல்தான்.

தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லி மகனிடம் கொடுங்கள். அவர் மெதுவாகத் திருப்பியும் கை திரும்பவில்லை என்றால் அது உறைந்த தோளாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும், அதற்கான சிகிச்சையும் வேறு. அப்படியானால் முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கை தாராளமாகத் திரும்பினால் இந்த வரிசையில் செய்யலாம்:

1. சுவர் அழுத்தம் (முதல் இரண்டு வாரம்): முழங்கையை 90 டிகிரி மடக்கி, உடலோடு ஒட்டி நில்லுங்கள். புறங்கையால் சுவரை வெளிப்பக்கமாக அழுத்துங்கள். பிறகு கதவு நிலை அருகே நின்று உள்ளங்கையால் உட்பக்கமாக அழுத்துங்கள். கை நகரக் கூடாது. பாதி பலம் போதும். 10 விநாடி வீதம் 5 முறை, தினமும்.

2. தோள்பட்டை எலும்பு: இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் சேர்த்து 5 விநாடி பிடியுங்கள். 10 முறை. தோள்கள் காதை நோக்கி ஏறக் கூடாது.

3. ரப்பர் பேண்ட் (மூன்றாம் வாரத்திலிருந்து): மெல்லிய பேண்டை ஜன்னல் கம்பியில் இடுப்பு உயரத்தில் கட்டுங்கள். விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முன்கையை வெளிப்பக்கம் இழுத்து, மெதுவாகத் திரும்ப விடுங்கள். பிறகு திரும்பி நின்று உட்பக்கம் இழுங்கள். 10 முறை வீதம் மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். இழுப்பதைவிடத் திரும்ப விடுவதற்கு அதிக நேரம் எடுங்கள்.

4. சாய்கோட்டில் தூக்குதல் (ஆறாம் வாரத்துக்குப் பிறகு): கட்டைவிரல் மேலே பார்க்க, முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் இடைப்பட்ட கோணத்தில் தோள் உயரம் வரை மட்டும் தூக்குங்கள். முதலில் வெறுங்கை. பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். அதோடு சுவரில் கை ஊன்றித் தண்டால்.

வலிக்குப் பத்து மதிப்பெண் என்றால், பயிற்சியின்போது மூன்று வரை இருக்கலாம். மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறையுங்கள். குறைந்தது 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும். முதல் மாதத்தில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம், மனம் தளர வேண்டாம். கழுத்துக்குப் பின்னால் பாரை இழுக்கும் ஜிம் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். இரவில் வலி இல்லாத பக்கம் படுத்து, வலிக்கும் கையை நெஞ்சுக்கு முன்னால் ஒரு தலையணைமேல் வையுங்கள். ஆவடி ரயிலில் நின்று போனால் மேல் கைப்பிடியை இடது கையால் பிடியுங்கள்.

விழுந்த பிறகு திடீரென்று கையைத் தூக்கவே முடியாமல் போனாலோ, கை மரத்துப்போனாலோ, காய்ச்சலோடு தோள் வீங்கினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். நெஞ்சு இறுக்கம், வியர்வையோடு தோளிலோ கையிலோ வலி வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் உங்கள் டிஸ்பென்சரியில் பிசியோதெரபிக்குப் பரிந்துரை கேளுங்கள். ஒருமுறையாவது ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து திருத்தினால், தவறாகப் பழகாமல் இருப்பீர்கள்.

கடைசியாக, ஷாப் சூப்பர்வைசரிடம் பேசுங்கள். அடிக்கடி எடுக்கும் கனமான டைகள் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட தட்டிலும், எப்போதாவது எடுக்கும் லேசான பொருள்கள் மேல் தட்டிலும் இருக்கட்டும். வாரத்தில் மூன்று நாள் பயிற்சி செய்து, ஆறு நாள் தலைக்கு மேலே பாரம் ஏற்றினால் தோள் ஆறாது. ராக்கை மாற்றி அடுக்க ஒரு பகல் போதும். அடுத்து அந்த வேலைக்கு வரும் இளைஞனின் தோளும் அதனால் பிழைக்கும்.