முதுகில் ஒட்டும் சோதனை அவசியமா?

கேள்வி: தலைக்கு டை அடித்தால் மறுநாள் நெற்றியும் காதோரமும் அரித்துத் தடிக்கின்றன. தோல் மருத்துவர் 'பேட்ச் டெஸ்ட்' செய்யச் சொல்கிறார். ரத்தப் பரிசோதனை போதாதா?

பதில்: போதாது. அலர்ஜிக்கான ரத்தப் பரிசோதனை தேடுவது ஐ.ஜி.இ என்ற எதிர்ப்பொருளை. சாப்பிட்ட சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடிக்கிறதே, அந்த வகைக்கு அது உதவும். உங்களுடையது டி செல்கள் நடத்தும் தாமத அலர்ஜி போலத் தெரிகிறது. மறுநாள் அரிப்பதே அதற்கு அடையாளம். அதைத் தோலில்தான் பார்க்க முடியும். 1895இல் தோல் மருத்துவர் யோசெஃப் யாடசோன் காட்டிய வழிதான் இன்றும்: சந்தேகப் பொருட்களைச் சிறு அளவில் முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. நம் வெயிலில் இது கொஞ்சம் தண்டனைதான்.

'டையை நிறுத்திவிட்டால் முடிந்ததே, சோதனை எதற்கு?' என்று கேட்கலாம். குற்றவாளி பி.பி.டி என்ற சாயப்பொருளா, வாசனைப் பொருளா, பதப்படுத்தியா என்று தெரியாமல் எதை நிறுத்துவது? பி.பி.டி என்றால் கறுப்பு மருதாணியிலும் அது இருக்கலாம். சில துணிச்சாயங்களும் பென்சோகெய்ன் மரப்பு மருந்தும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சோதனையே புது அலர்ஜியை உண்டாக்குவது அரிது. முதுகில் சிவந்ததெல்லாம் காரணமாகிவிடாது என்பது உண்மை; உங்கள் புழக்கத்தோடு பொருத்திப் பார்த்தே மருத்துவர் முடிவு சொல்வார். ஆகவே டை பெட்டியை எடுத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.