கொக்கி வண்டிக்கு இரண்டாவது டேங்க் தேவையா?

எளாவூர் சோதனைச்சாவடி, ஆரம்பாக்கம், அதைத் தாண்டினால் தடா. தடாவிலிருந்து டீசல் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் கூடுதல். ஆந்திராவின் வரி அப்படி. கும்மிடிப்பூண்டி பக்கம் பிக்கப் வைத்திருப்பவர்களிடம் எக்ஸ்ட்ரா டேங்க் பேச்சு கிளம்புவதே இந்த விலை வித்தியாசத்தில்தான். “இங்கேயே ரெண்டு டேங்கும் ஃபுல் அடிச்சிட்டா ஆந்திரா பங்க் பக்கமே போக வேணாம்ணா” என்பார்கள்.

ரெக்கவரி தொழிலில், அதாவது வழியில் நின்றுபோன காரைக் கொக்கி வண்டியில் கட்டி இழுக்கும் தொழிலில், இருப்பவன் என்ற முறையில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து நெல்லூர் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். காலியாகப் போகும்போது என் பிக்கப் லிட்டருக்கு 12 தரும்; பின்னால் ஒரு காரைக் கட்டி இழுத்து வரும்போது 8 தந்தால் பெரிது. போக 11, வர 16, ஆக 27 லிட்டர். கம்பெனி டேங்கே இதற்குத் தாராளம். விஜயவாடா வரை போய் வந்தால் 85 லிட்டர் ஆகும். வழியில் 30 லிட்டர் போட வேண்டிவரும். மிச்சமாவது 150 ரூபாய். நல்லூர் டோல்கேட் பக்கம் இரண்டு பேர் டிபன் சாப்பிட்டால் அது போய்விடும்.

விலையை விட்டுவிடுங்கள், உண்மையான தொல்லை வேறு. ஒரு காரைத் தூக்கிக் கட்டிய பிறகு பங்குக்குள் நுழைவதுதான் பாடு. வண்டியும் காரும் சேர்ந்து பத்து மீட்டர் நீளம். பம்ப் மேடைக்கு நடுவே திரும்ப முடியாது, ரிவர்ஸ் எடுக்கவும் முடியாது. பின்னால் நிற்கிற டிப்பர்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டான். இதற்காக இரண்டாவது டேங்க் கேட்கிறவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது.

நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ரெக்கவரி பிக்கப்பில் அப்படி ஒரு 60 லிட்டர் டேங்க் ஏற்கெனவே இருந்தது. முந்தைய ஓனர் பின் அச்சுக்கும் பின்னால், பாடியின் வால்மூலையில் அதைப் பொருத்தியிருந்தார். அங்கேதான் இடம் காலி, அதனால் அங்கே. இந்த வட்டாரத்தில் நான் பார்த்த பல வண்டிகளில் டேங்க் அந்த மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. கொக்கி வண்டிக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

டீசல் லிட்டர் 830 கிராம் என்று வைத்தால் 60 லிட்டர் 50 கிலோ. இரும்பு டேங்க், பிராக்கெட், பட்டை எல்லாம் சேர்த்து 75 கிலோவைத் தொடும். ஒரு ஆள் எடைதானே என்று தோன்றும். ஆனால் கொக்கி வண்டி சரக்கு வண்டி மாதிரி எடை சுமப்பதில்லை. காரின் முன்பக்கத்தைத் தூக்கினால் 600 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 600 தொங்குவது பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால். இரண்டு அச்சுக்கும் இடைவெளி 3 மீட்டர் என்றால், பின் அச்சில் 900 கிலோ ஏறும், முன் அச்சில் 300 கிலோ குறையும். சீசா பலகைக் கணக்குதான். முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங் திருப்பியும் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். மழையில் பிரேக் அடித்தால் முன்பக்கம் வழுக்கும். வால்மூலை டேங்க் இதே திசையில் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறது. காரனோடைப் பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் மிதப்பது எனக்குக் கையிலேயே தெரிந்தது.

சிப்காட்டில் ஸ்டீல் உருக்காலைகளும் ரோலிங் மில்களும் இருப்பதால் நமக்கு ஒரு வசதி: திரும்பிய பக்கமெல்லாம் எடைமேடை. முதலில் முழு வண்டியையும் எடை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தி இன்னொரு சீட்டு. அதன்பின் காரைத் தூக்கிக் கட்டி இதையே மறுபடி செய்யுங்கள். மேடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. நான் இந்தச் சீட்டுகளைப் பார்த்த பிறகுதான் டேங்கைக் கேபினுக்குப் பின்னால், இரண்டு அச்சுக்கும் நடுவே மாற்றினேன்.

மாற்றுவதற்காகக் கழற்றியபோது அதன் லட்சணம் முழுசாகத் தெரிந்தது. அளவு பார்ப்பதற்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் டியூப் சொருகியிருந்தார்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் வகை. வெள்ளையாக இருந்தது வெயிலில் பழுப்பேறி, கிளாம்ப் இறுக்கிய இடத்தில் முடி போல நீளமாக வெடித்திருந்தது. விரலை வைத்தால் டீசல் பிசுபிசுத்தது. டேங்க் தகரம் ஜிஐ ஷீட். துருப் பிடிக்காது என்று பட்டறைகளில் அதைத்தான் விரும்பிப் போடுகிறார்கள். ஆனால் அதன் துத்தநாகப் பூச்சு டீசலோடு வினைபுரிந்து சோப்பு மாதிரி ஒரு கசடை உண்டாக்கும். அது போய் ஃபில்டரை அடைக்கும், இன்ஜெக்டர் வரைக்கும் போகும். இன்றைய காமன்ரெயில் இன்ஜின்களில் டீசல் 1,600 பார் அழுத்தத்துக்கும் மேல் போகிறது. கண்ணுக்குத் தெரியாத தூசே அதற்குப் பகை. அலுமினியம் அல்லது பூச்சில்லாத நல்ல இரும்புத் தகடு வேண்டும், உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும், அடியில் தண்ணீர் வடிக்க ஒரு பிளக் வேண்டும். பாதி காலியாகக் கிடக்கும் டேங்கில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் தண்ணீராகி அடியில் இறங்கிவிடும்.

இணைப்பிலும் கவனம் வேண்டும். இரண்டு டேங்கையும் டீ-பைப் போட்டு நேராக இன்ஜினுக்குக் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது: இன்ஜின் திருப்பி அனுப்பும் மிச்ச டீசல் மெயின் டேங்குக்குத்தான் போகும், அது நிறைந்து வழியும். இரண்டாவது டேங்கை உயரத்தில் வைத்து, டீசல் தானாக மெயின் டேங்குக்கு இறங்கட்டும் என்று விட்டால், வால்வை மூட மறந்த அன்று ரோடெல்லாம் டீசல். பின்னால் வருகிற பைக்காரன் கதி என்ன? சின்ன எலெக்ட்ரிக் பம்ப், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ், கையை எடுத்தால் நிற்கும் ஸ்விட்ச், கூடவே ஒரு கை வால்வு. இதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம்.

டேங்கை மாற்றும்போது பட்டறைத் தம்பி வெல்டிங் ராடோடு வந்து நின்றான். “டீசல்தானேண்ணா, ஒண்ணும் ஆவாது.” இந்த வார்த்தைதான் எனக்குப் பயம். நம் நாட்டுத் தரப்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை குறைந்தபட்சம் 35 டிகிரி இருந்தால் போதும். திருவள்ளூர் மாவட்டத்தில் கத்திரி வெயில் 40-ஐத் தாண்டுகிறது. வெயிலில் நிற்கும் இரும்பு அதைவிடச் சூடு. காலி டேங்கின் மடிப்பில் ஒட்டியிருக்கும் டீசல் வெல்டிங் சூட்டில் ஆவியாகி வெடிக்கும். பயன்படுத்திய டேங்கில் யாரையும் வெல்டிங் வைக்க விடாதீர்கள். ஸ்கிராப் யார்டுகளில் கேஸ் கட்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் இந்த வண்டியை நிறுத்தாதீர்கள்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் அந்த டேங்கைக் கடைசியில் இறக்கிவிட்டேன். காரணம் சட்டம். கம்பெனி கொடுத்த அமைப்பு மாறும்படி வண்டியில் கை வைக்கக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். பின்னால் தொங்குவது அடுத்தவர் கார். ஏதாவது ஒன்று ஆகி, இன்சூரன்ஸ் சர்வேயர் ஆர்.சி-யில் இல்லாத டேங்கைப் போட்டோ எடுத்தால் அந்தப் பணத்தை யார் தருவது?

எஃப்.சி-க்கு முதல் நாள் கழற்றி, மறுநாள் மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். சட்டத்தை ஏய்ப்பது ஒருபுறம். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் ஹோஸ் முனையும் வாஷரும் தேய்கிறது. கசிவு அங்கேதான் ஆரம்பிக்கும்.

இப்போது என் பழக்கம் எளிது. கால் வந்ததும், எந்த ஊராக இருந்தாலும், காரைத் தூக்குவதற்கு முன்பே பங்கில் ஃபுல் அடித்துவிடுவேன். இழுத்து வரும் வழியில் நிற்பதில்லை. வின்ச் ஓட்டுவதற்காக இன்ஜினை ஓடவிடும் நேரத்தை மணிக்கு ஒரு லிட்டர் என்று கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய கார்களை இழுத்த நாட்களிலும் இந்த முறைதான் ஓடியது. அப்போது எனக்குத் தட்டுப்பாடாக இருந்தது தூக்கம், டீசல் இல்லை. தூரம் அதிகம் ஓடுகிறவர்கள் அடுத்த வண்டி வாங்கும்போது டேங்க் கொள்ளளவையும் கேட்டுப் பாருங்கள், மாடலுக்கு மாடல் வித்தியாசம் இருக்கிறது. மைலேஜ் கேட்கிற அளவுக்கு இதை யாரும் கேட்பதில்லை.

அப்படியும் இரண்டாவது டேங்க் போட்டே ஆக வேண்டும் என்றால், பட்டறைக்குப் போகும் முன் வண்டிக் கம்பெனியிடமும், உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், இன்சூரன்ஸிலும் எழுதிக் கேளுங்கள். மூன்று இடத்திலும் பதில் எழுத்தில் வர வேண்டும். ஒன்று வராவிட்டாலும் போடாதீர்கள்.