மூங்கில் அம்பு

தீபிகா குமாரி ஜார்க்கண்ட் மாநிலத்தில் ராஞ்சிக்கு அருகே பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது கல்லால் குறி பார்த்து மாங்காய் அடிப்பார். அப்பா ஆட்டோ ஓட்டினார். விலை உயர்ந்த வில் வாங்க வசதி இல்லை. வீட்டில் செய்த மூங்கில் வில், மூங்கில் அம்பு கொண்டு பழகினார். 2010-இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் தீபிகா இரண்டு தங்கப் பதக்கம் வென்றார். அப்போது வயது 16 தான்.

மூங்கில் அம்பை எப்படிச் செய்வது?

1. சுண்டுவிரலை விட மெல்லிய, நன்கு காய்ந்த மூங்கில் குச்சி வேண்டும். ஒரு நுனியை நெஞ்சின் நடுவில் வையுங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுங்கள். குச்சி விரல் நுனியைத் தாண்டி இருக்க வேண்டும். குட்டையான அம்பு வில்லைப் பிடித்த கையைக் குத்தும்.

2. குச்சி கோணலாக இருக்கிறதா? தணலில் லேசாகக் காட்டுங்கள். சூட்டில் மூங்கில் இளகும். நேராக்கி, ஆறும்வரை பிடித்திருங்கள்.

3. பின்நுனியில் நாண் பொருந்த ஒரு சிறு வெட்டு வேண்டும். பிளக்காமல் இருக்க அதன் கீழே நூலை இறுகச் சுற்றுங்கள்.

4. பின்பக்கம் மூன்று இறகுகளை ஒட்டுங்கள். மூன்றும் ஒரே பக்கச் சிறகில் எடுத்தவையாக இருக்கட்டும். இறகு காற்றில் தடைபடும். அதனால் அம்பின் வால் ஆடாது.

5. முன்நுனி சற்றுக் கனமாக இருக்க வேண்டும்.

எல்லா அம்பும் ஒரே நீளம், ஒரே எடையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போகும். குறி தவறினால் பிழை கையிலா, அம்பிலா என்று தெரியாது.

கவனம்!

அம்பு விளையாட்டுப் பொருள் அல்ல. முனை மழுங்கிய அம்பும் கண்ணைப் பறிக்கும். சீத்தா கேம்ப்பில் வீடுகள் நெருக்கம். சந்துகளில் குழந்தைகள் ஓடுவார்கள். சந்திலோ மாடியிலோ அம்பு விடக் கூடாது. பழக்குபவர் இருக்கும் திறந்த மைதானமே ஏற்ற இடம். குறிக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். ஆள் இருக்கக் கூடாது.

ஒவ்வொரு முறையும் அம்பை லேசாக வளைத்துப் பாருங்கள். 'பட்' என்று சத்தம் கேட்டால் விரிசல் இருக்கிறது. அதை எய்தால் கையிலேயே உடையும். உடனே இரண்டாக ஒடித்துப் போடுங்கள். பிள்ளைகள் எடுக்க மாட்டார்கள்.

படித்துப் பழகுவோம்: வில், அம்பு, நாண், இறகு, மூங்கில்

பேசுவோம்:
அம்புக்கு இறகு எதற்கு?
உங்கள் பகுதியில் பிள்ளைகள் விளையாட மைதானம் உண்டா? பெண் பிள்ளைகளும் அங்கே போகிறார்களா?