பார்சலின் நீளம், அகலம், உயரம்

செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கம் தைக்கும் நைட்டிகளை ஆன்லைனில் விற்கும் குடும்பங்களுக்கான பாடம் இது.

பொருளைப் பதிவேற்றும்போது விலையும் எடையும் எழுதிவிட்டு, நீளம், அகலம், உயரம் கேட்கும் கட்டங்களைப் பலர் காலியாக விடுகிறார்கள். கூரியரில் எடைக்கு மட்டுமல்ல, வண்டியில் பார்சல் அடைக்கும் இடத்துக்கும் கூலி உண்டு. மூன்று அளவையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். வருவது கன அளவு எடை, கிலோவில். அது, தராசு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம்.

10 நைட்டி 3 கிலோ என்று வைப்போம். 40×30×25 செ.மீ. பெட்டியில் போட்டால் பெருக்கல் 30,000. வகுத்தால் 6 கிலோ. அளவு எழுதாவிட்டால் கணக்கு 3 கிலோவுக்கே வரும். கூரியரில் அளந்ததும் மீதிக் கட்டணம் நம் லாபத்தில் பிடிக்கப்படும். அதே துணியைக் காற்றுப் போக அழுத்திக் கட்டி உயரத்தை 12 செ.மீ. ஆக்கினால் 2.88 கிலோதான், 3 கிலோ கட்டணம் போதும்.

அளவு தெரியாவிட்டால் 1, 1, 1 என்று நிரப்பாதீர்கள். பேக்கிங் முடிந்தபின் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். அங்குலமானால் 2.54-ஆல் பெருக்குங்கள். அளக்க நேரமில்லையெனில், அதே பெட்டியில் போகும் வேறு பொருளின் அளவைப் போடலாம்.

குறைத்து எழுதினால் நமக்கு நட்டம். கூட்டி எழுதினால் வாங்குபவரின் ஹக் நம்மிடம் தங்கிவிடும். அளவையிலும் நிறுவையிலும் நேர்மை என்று மதரஸாவில் படித்தது தராசுக்கும் டேப்புக்கும் ஒன்றுதான்.